பட்டியலில் இல்லாத பெயர்

டாஸ் போட்டதும் பதினோரு பெயர்கள் திரையில் வரும். கிரிக்கெட்டில் இதைவிடச் சின்னப் பிரதி கிடையாது. இவ்வளவு கவனமாக வாசிக்கப்படும் பிரதியும் வேறு இல்லை. வினைச்சொல் இல்லை, அடைமொழி இல்லை, வெறும் பெயர்கள். ஆனால் ரசிகர்கள் அதை வாசிக்கும் விதம் விசித்திரமானது. இருக்கும் பெயர்களை யாரும் நின்று பார்ப்பதில்லை. கண் நேராக இல்லாத பெயரைத் தேடிப் போகும். இங்கிலாந்தில் ஆட்டம் என்றால் அந்தப் பட்டியல் மலேசிய நேரப்படி மாலை ஐந்து, ஐந்தரைக்கு வந்து சேரும். வேலை முடிந்து கிளம்பும் நேரம். முதல் பந்து வீசப்படுவதற்கு முன்பே அன்றைய மாலை கெட்டுப்போன அனுபவம், இந்திய டெஸ்ட் அணியைப் பின்தொடரும் எல்லோருக்கும் இருக்கும். "இன்னைக்கும் அஸ்வின் இல்லையா?" என்ற ஒரு கேள்வி போதும்.

இந்தக் கடுப்பைச் சும்மா புலம்பல் என்று தள்ளிவிடுவது சுலபம். நான் அதை ஒரு வகை விமர்சனமாக எடுத்துக்கொண்டு வாசித்துப் பார்க்கிறேன். ஏனென்றால் அதன் அடியில் இருக்கும் கேள்வி இலக்கிய வாசகர்களுக்கும் பழக்கமான கேள்விதான்: தேர்ந்தெடுத்தவர் காரணம் சொல்ல வேண்டுமா, வேண்டாமா?

தமிழில் பட்டியல் என்றதும் க.நா.சு. நினைவுக்கு வருகிறார். அவர் பட்டியல் போடுவார், ஏன் இவர், ஏன் அவர் இல்லை என்று விரித்துச் சொல்லமாட்டார் என்பது அவர்மேல் உள்ள பழைய குற்றச்சாட்டு. நம் ஊரிலும் ஒரு சிறுகதைத் தொகுப்பு வந்தால் முதலில் நடப்பது என்ன? கதைகளைப் படிப்பதற்கு முன் உள்ளடக்கப் பக்கத்தில் யார் பெயர் விடுபட்டிருக்கிறது என்று பார்ப்பது. அதே கண், அதே கடுப்பு. ஆனால் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. தொகுப்பில் சேர்க்காத கதை எங்கேயோ அச்சில் இருக்கும். தேடி எடுத்துப் படித்து, தொகுப்பாசிரியர் சரியா தப்பா என்று நாமே முடிவு செய்யலாம். க.நா.சு. பட்டியலையும் அப்படித்தான் பலர் சோதித்தார்கள். கிரிக்கெட்டில் அந்த வசதி இல்லை. அணியில் சேர்க்கப்படாதவர் அன்று வீசியிருக்கக்கூடிய பந்துகள் எங்கேயும் இல்லை. அவை வீசப்படவேயில்லை. அதனால் ரசிகரின் புகாரை நிரூபிக்கவும் முடியாது, மறுக்கவும் முடியாது. சாகாத புகார் அது.

2021இல் இங்கிலாந்துத் தொடரை எடுத்துக்கொள்வோம். அஸ்வின் அப்போது 413 டெஸ்ட் விக்கெட் எடுத்தவர். டிரென்ட் பிரிட்ஜ், லார்ட்ஸ், ஹெடிங்லி, ஓவல் என்று நான்கு டெஸ்ட். நான்கிலும் வெளியே உட்கார்ந்திருந்தார். ஒரே ஸ்பின்னர், அது ஜடேஜா. ஓவல் டாஸின்போது கேப்டன் கோலி சொன்ன காரணம் எனக்கு இன்னும் சுவாரசியமாக இருக்கிறது. இங்கிலாந்து அணியில் நான்கு இடக்கை ஆட்டக்காரர்கள் இருக்கிறார்கள், ஜடேஜாவுக்கு அது நல்ல பொருத்தம், பேட்டிங்கிலும் சமநிலை கிடைக்கிறது என்றார். கிரிக்கெட்டின் பொதுப்புத்தி இதற்கு நேர் எதிரானது. இடக்கை ஆட்டக்காரரை விட்டு வெளியே திரும்பும் பந்தைப் போடுபவர் ஆஃப் ஸ்பின்னர். அதாவது அஸ்வின்.

இரண்டு வருடம் கழித்து, 2023 ஜூனில், அதே ஓவல் மைதானம். உலக டெஸ்ட் சாம்பியன்ஷிப் இறுதி ஆட்டம். எதிரில் ஆஸ்திரேலியா. வார்னர், கவாஜா, ஹெட், கேரி, ஸ்டார்க் என்று முதல் எட்டுப் பேரில் ஐந்து பேர் இடக்கை. அஸ்வின் அப்போது டெஸ்ட் பந்துவீச்சுத் தரவரிசையில் உலகில் முதலிடம். இப்போது கேப்டன் ரோஹித். மேகமூட்டம், பச்சைப் பிட்ச், நான்கு வேகப்பந்து வீச்சாளர்கள், ஒரு ஜடேஜா. அஸ்வின் மறுபடியும் வெளியே. ஆட்டம் முடிந்தபின் டெண்டுல்கரே இந்த ஐந்து இடக்கைக் கணக்கைச் சொல்லி, இந்தத் தேர்வு தனக்குப் புரியவில்லை என்று எழுதினார். டெண்டுல்கருக்கே புரியவில்லை என்றதும் ரசிகர்களுக்கு வந்த குஷியைச் சொல்லி மாளாது.

நான்கு இடக்கை இருந்தால் ஜடேஜா. ஐந்து இருந்தாலும் ஜடேஜா. அப்படியென்றால் இடக்கை என்பது காரணமே இல்லை. முடிவு முதலில் வந்துவிட்டது, காரணம் பின்னால் தேடிப் பொருத்தப்பட்டது. ரசிகரை எரிச்சலூட்டுவது இதுதான் என்று நினைக்கிறேன். பிடித்தவர் இல்லை என்ற வருத்தம் இருக்கட்டும், அது இரண்டு நாளில் தீர்ந்துவிடும். சொல்லப்படும் காரணம் நம்மைப் படிக்கத் தெரியாதவர்களாக நினைத்துச் சொல்லப்படுகிறது என்ற உணர்வு அவ்வளவு சீக்கிரம் தீராது.

உண்மையான காரணத்தை வெளிப்படையாகவே சொல்லியிருக்கலாம். ஜடேஜா ஏழாவது இடத்தில் இறங்கி ரன் எடுப்பார், இங்கிலாந்தில் ஸ்பின்னருக்கு வேலை குறைவு, ஒருவருக்குத்தான் இடம், ஆகவே பேட் பிடிக்கத் தெரிந்தவருக்கு அந்த இடம். இது கௌரவமான வாதம். அதற்கு ஆதாரமும் இருக்கிறது. அஸ்வின் இங்கிலாந்து மண்ணில் ஆடிய 7 டெஸ்டில் 18 விக்கெட்டுகள்தான். அவருடைய மொத்தம் 537 விக்கெட்டில் 383 இந்தியாவில் எடுத்தவை. அஸ்வினுக்காகச் சண்டை போடும் எந்த ரசிகரும் இந்த எண்களைத் தானாக முன்வந்து சொல்வதில்லை. நானும் அஸ்வின் கட்சிதான். ஆனால் எதிர்த்தரப்பின் வலுவான வாதத்தை மறைத்துவிட்டுப் பேசினால் அது விமர்சனம் இல்லை, வக்கீல் வேலை.

சரி, 2021 ஓவலில் என்ன நடந்தது? இந்தியா 157 ரன் வித்தியாசத்தில் ஜெயித்தது. கடைசி நாளில் ஜடேஜா கரடுமுரடான இடத்தில் பந்தைக் குத்தி ஹமீதையும் மொயின் அலியையும் வீழ்த்தினார். நடுவில் பும்ராவின் அந்த ஸ்பெல். அன்று இரவு ஒரு கட்சி சொன்னது, "பாத்தீங்களா, அஸ்வின் இல்லாமலே ஜெயிச்சாச்சு." 2023இல் அதே மைதானத்தில் ஹெட்டும் ஸ்மித்தும் சேர்ந்து 285 ரன் அடித்தார்கள், ஆஸ்திரேலியா முதல் இன்னிங்ஸில் 469, கடைசியில் இந்தியா 209 ரன்னில் தோற்றது. உடனே அடுத்த கட்சி, "பாத்தீங்களா, அஸ்வின் இல்லாததாலதான்." இரண்டுமே எனக்கு ஒத்துவராது. ஜெயித்ததால் தேர்வு சரியாகிவிடாது, தோற்றதால் தப்பாகிவிடாது. என் வேலையில் ஒரு வடிவமைப்பை வேண்டாம் என்று ஒதுக்கினால் ஏன் ஒதுக்கினோம் என்று மீட்டிங் குறிப்பில் எழுதி வைக்க வேண்டும். பின்னால் ஏதாவது உடைந்தால் அந்தக் குறிப்பைத்தான் திறந்து பார்ப்போம், உடைந்த பொருளை மட்டும் அல்ல. அன்றைக்குத் தெரிந்த தகவலை வைத்து அந்த முடிவு நியாயமா என்பதே கேள்வி. அதனால் நான் ஒரு ரசிகரின் புகாரை மதிப்பதற்கு வைத்திருக்கும் அளவுகோல் ஒன்றுதான்: முதல் பந்துக்கு முன் சொன்னாரா, கடைசி விக்கெட்டுக்குப் பின் சொன்னாரா? முன்னால் சொன்னது விமர்சனம். பின்னால் சொல்வது கணக்கு முடிப்பது. 2023 ஓவலில் டாஸ் முடிந்த அந்த நிமிடமே ஐந்து இடக்கையை எண்ணிச் சொன்ன ரசிகர்கள் ஏராளம். டெண்டுல்கர் நான்கு நாள் பொறுத்தார். அந்த விஷயத்தில் அவரைவிட அவர்கள் நல்ல விமர்சகர்கள்.

தேர்வாளர்களின் மொழி பற்றிப் பேசினோம். ஒதுக்கப்பட்டவர்களின் மொழி எப்படி இருக்கிறது? இலக்கிய வாசகராக எனக்கு அதுதான் பெரிய ஈர்ப்பு. கடந்த சில வருடங்களில் மூன்று பேர் சொன்ன மூன்று வாக்கியங்கள் ரசிகர் நினைவில் தங்கிவிட்டன. மூன்றும் சின்ன வாக்கியங்கள்.

முதலாவது அம்பத்தி ராயுடு. 2019 உலகக் கோப்பைக்கு நான்காம் இடத்துக்கான ஆள் என்று அவரைத்தான் எல்லோரும் நினைத்திருந்தார்கள். ஏப்ரலில் அணி அறிவிக்கப்பட்டபோது அவர் இல்லை, விஜய் சங்கர் இருந்தார். தேர்வுக்குழுத் தலைவர் எம்.எஸ்.கே. பிரசாத், விஜய் சங்கர் முப்பரிமாணத்தைத் தருகிறார் என்று விளக்கினார். பேட்டிங், பந்துவீச்சு, ஃபீல்டிங் என்று பொருள். மறுநாள் ராயுடு, உலகக் கோப்பையைப் பார்ப்பதற்கு ஒரு 3டி கண்ணாடி ஆர்டர் செய்திருப்பதாக ட்வீட் போட்டார். நல்ல அங்கதம். அதிகாரத்தின் சொல்லையே எடுத்து அதற்கு மாட்டிவிடுவது. காளமேகம் கேட்டிருந்தால் சிரித்திருப்பார். ஆனால் அங்கதத்தின் விலையும் அதில் இருந்தது. தொடரின் நடுவில் விஜய் சங்கர் காயத்தால் வெளியேறியபோது கூப்பிடப்பட்டவர் மயங்க் அகர்வால். காத்திருப்புப் பட்டியலில் இருந்த ராயுடு அந்த வாரமே ஓய்வு அறிவித்தார். ட்வீட்தான் காரணம் என்று நான் சொல்லவில்லை. ரசிகர்கள் அப்படித்தான் வாசித்தார்கள். காரணம் சொல்லப்படாத இடத்தில் வாசகர் தானே ஒன்றை எழுதிக்கொள்வார்.

இந்தக் கதையில் யாரும் அதிகம் நினைக்காத ஆள் விஜய் சங்கர். உலகக் கோப்பையில் அவர் வீசிய முதல் பந்திலேயே பாகிஸ்தானின் இமாம் உல் ஹக் அவுட். கேலி அதோடு நின்றதா? இல்லை. அவர் தன்னைத் தானே தேர்வு செய்துகொள்ளவில்லை. ஆனாலும் அந்தச் சொல்லைச் சுமந்தவர் அவர்தான். தேர்வு மேல் உள்ள கோபம் எப்போதும் தேர்ந்தெடுக்கப்பட்டவர் தலையில்தான் விடிகிறது. ரசிகர் விமர்சனத்தின் மோசமான பக்கம் இது.

இரண்டாவது கருண் நாயர். 2016 டிசம்பரில் சேப்பாக்கத்தில் இங்கிலாந்துக்கு எதிராக ஆட்டமிழக்காமல் 303. தன் மூன்றாவது டெஸ்ட் இன்னிங்ஸிலேயே முச்சதம். இந்தியாவில் சேவாக்குக்குப் பிறகு அவர் ஒருவர்தான். அடுத்த டெஸ்டில் இடம் இல்லை, காயம் ஆறி ரஹானே திரும்பிவிட்டார். இந்த ஒரு வரி போதும், ஒரு தலைமுறை ரசிகர்களுக்குக் காவியம் கிடைத்துவிட்டது. 2018இல் இங்கிலாந்து டூரில் முதல் டெஸ்டிலிருந்தே அணியோடு இருந்தவர் அவர். கடைசி டெஸ்டில் ஒரு ஆட்டக்காரர் தேவைப்பட்டபோது தொடரின் கடைசிப் பகுதிக்காக வந்து சேர்ந்த ஹனுமா விஹாரி அறிமுகமானார். விஹாரி 56 ரன் எடுத்தார், மூன்று விக்கெட்டும் எடுத்தார் என்பது வேறு. தன்னிடம் யாரும் எதுவும் பேசவில்லை என்று கருண் பிறகு சொன்னார். பேசினோம் என்றார் தேர்வுக்குழுத் தலைவர்.

2022 டிசம்பரில் கருண் எழுதிய அந்த ஒற்றை வரி உங்களுக்கு நினைவிருக்கும். கிரிக்கெட்டையே விளித்து, இன்னும் ஒரு வாய்ப்பு கொடு என்று கேட்டார். யாரை விளிக்கிறார் என்று கவனியுங்கள். வாரியத்தை அல்ல, தேர்வுக்குழுவை அல்ல, கேப்டனை அல்ல. கடிதம் எழுதுவதற்கு முகவரி இல்லாதவர் கடவுளுக்கு எழுதுவதைப் போல. பக்தி மரபில் வளர்ந்த காதுக்கு இந்தத் தொனி உடனே பிடிபடும். அவ்வளவு பேர் அதைப் பகிர்ந்ததற்குக் காரணம் அதுவே என்பது என் ஊகம். ராயுடுவின் வரியில் எதிராளி தெளிவாக இருந்தார். கருணின் வரியில் எதிராளியே இல்லை. யாரிடம் கேட்பது என்றே தெரியாத நிலை.

அதிசயமாக, கேட்டது கிடைத்தது. விதர்பாவுக்குப் போய் 2024-25 விஜய் ஹசாரே தொடரில் 779 ரன் குவித்தார், சராசரி 389.5. தட்டச்சுப் பிழை இல்லை. 2025 ஜூனில் ஹெடிங்லியில், எட்டு வருடத்துக்குப் பிறகு, டெஸ்ட் அணியில் இறங்கினார். முதல் இன்னிங்ஸில் பூஜ்யம். தொடர் முழுக்க நான்கு டெஸ்டில் 205 ரன். ஓவலில் எடுத்த 57தான் 303க்குப் பிறகு அவர் 50ஐத் தாண்டிய முதல் இன்னிங்ஸ். அடுத்த தொடருக்கு இடம் இல்லை. இன்னும் கொஞ்சம் எதிர்பார்த்தோம் என்று இம்முறை தேர்வுக்குழுத் தலைவர் அகார்கர் வெளிப்படையாகவே சொன்னார். ஒரு தேர்வாளர் நேராகச் சொன்ன அபூர்வமான காரணம்.

அப்படியானால் ரசிகர்களின் காவியம் பொய்யா? "அன்னைக்கே சொன்னோமே, அவர் அவ்ளோதான்" என்று எதிர்க்கட்சி சொல்கிறது. 303க்குப் பிறகு 2017இல் அவர் ஆடிய நான்கு இன்னிங்ஸ் 26, 0, 23, 5 என்பதையும் நினைவூட்டுகிறது. நியாயமான நினைவூட்டல், காவியம் பாடியவர்கள் விட்டுவிட்ட சரணம் அது. ஆனால் 2025இல் பரிசோதிக்கப்பட்டவர் 33 வயது கருண். மறுக்கப்பட்டவர் 25 வயது கருண். இருவரும் ஒருவர் இல்லை. முதலில் சொன்ன பிரச்சினை இங்கே மறுபடியும் வந்து நிற்கிறது: விடுபட்ட கதையைப் பிறகு எடுத்துப் படிக்கலாம், விடுபட்ட எட்டு வருடத்தை எடுத்து ஆட முடியாது.

மூன்றாவது அஸ்வின். 2023 இறுதி ஆட்டத்துக்குப் பிறகு ஒரு பேட்டியில், ஒரு காலத்தில் அணியில் இருந்தவர்கள் நண்பர்கள், இப்போது சக ஊழியர்கள் என்ற பொருளில் பேசினார். அதில் கேலி இல்லை, கெஞ்சல் இல்லை. மூன்றில் எனக்கு மிக முக்கியமான வாக்கியம் இது. ஏனென்றால் இது தன்னைப் பற்றிய புகாராக இல்லை. தேர்வு என்பது உள்ளே இருப்பவர்களை என்ன செய்கிறது என்பதைப் பற்றியது. ஒரே இடத்துக்கு இருவர் போட்டி என்றால் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரோடு எப்படிப் பேசுவது? ஓப்பன் ஆஃபீஸில் வேலை பார்த்து, வருடக் கடைசியில் மதிப்பீட்டுப் படிவம் நிரப்பிய எவருக்கும் இதற்கு விளக்கவுரை தேவையில்லை.

ஒரு சின்ன விலகல். 2008இல் 19 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பை மலேசியாவில் நடந்தது. இறுதி ஆட்டம் கின்ராரா ஓவலில். கோப்பையை வாங்கிய இந்திய அணியின் கேப்டன் கோலி, அதே அணியில் ஜடேஜா. பின்னாளில் அஸ்வினை வெளியே உட்காரவைத்த கேப்டனும் அந்த இடத்தில் ஆடியவரும் ஒன்றாகக் கோப்பை வாங்கியது நம்ம பூச்சோங் பக்கத்தில். இதனால் எதுவும் நிரூபணம் ஆகவில்லை. ஆனால் சதிக் கோட்பாட்டுக்கு இவ்வளவு போதும் என்பதற்காகச் சொன்னேன். பள்ளிப் பருவ நட்பு, அதனால் ஒருதலைப்பட்சம் என்று ஐந்து நிமிடத்தில் ஒரு கதை கட்டிவிடலாம்.

கட்டுகிறார்கள். ரசிகர் விமர்சனம் கெட்டுப்போகும் இடம் அதுதான். காரணம் சொல்லப்படாத வெற்றிடத்தில் முதலில் வந்து உட்காருவது ஊரும் மொழியும். "தமிழன்கிறதாலதான் அஸ்வினை எடுக்கல." இந்த வரியை நம் ஊர் இளைஞர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். 2024 நவம்பரில் பெர்த்தில் அஸ்வினுக்குப் பதிலாக ஆடியவர் வாஷிங்டன் சுந்தர், அவரும் சென்னைக்காரர், அவரும் ஆஃப் ஸ்பின்னர். ராயுடுவின் இடத்தைப் பிடித்தவர் தமிழ்நாட்டுக்காரர், அதனால் அங்கே வேறு கதை ஓடியது. அணியை அறிவித்த பிரசாத்தும் நீக்கப்பட்ட ராயுடுவும் குண்டூரில் பிறந்தவர்கள். ஊர்ப்பாசக் கோட்பாடு இரண்டு அடி எடுத்து வைத்ததும் தடுக்கி விழுகிறது. இன்னொன்று, வீரர்கள் பட்டியலைப் போடுவது தேர்வுக்குழு. டூரில் அதிலிருந்து பதினொன்றைப் பொறுக்குவது கேப்டனும் கோச்சும். ஓவலில் அஸ்வின் ஆடாததற்குத் தேர்வுக்குழுவைத் திட்டுவது முகவரி மாறிய கடிதம். பிரசாத் வெறும் 6 டெஸ்ட் ஆடியவர், அவருக்கென்ன தெரியும் என்பதும் அதே தரம்தான். நாவல் எழுதாதவர் நாவலை விமர்சிக்கக்கூடாது என்று சொல்வதைப் போன்றது. அதை இந்தப் பக்கங்களைப் படிக்கும் யாரும் ஒத்துக்கொள்ளமாட்டார்கள். கிரிக்கெட் என்றால் மட்டும் ஒத்துக்கொள்கிறோம்.

மலேசியாவில் உட்கார்ந்துகொண்டு நாம் ஏன் இதில் இவ்வளவு சூடாக வேண்டும் என்று என் நண்பர் ஒருவர் கேட்பார். மாமாக் கடையில் பெரிய திரை கால்பந்துக்குத்தான். இந்திய அணி நம் அணி இல்லை, அந்த வாரியம் நமக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டதும் இல்லை. ஆனாலும் "நாம ஜெயிச்சோம்" என்கிறோம். மைதானத்தில் டிக்கெட் வாங்கி உட்காரும் ரசிகருக்காவது கத்துவதற்கு ஒரு கேலரி இருக்கிறது. நமக்கு இருப்பது அந்தப் பதினோரு பெயர்களை வாசிக்கும் உரிமை மட்டுமே. நம்மை விளையாட்டோடு கட்டிப்போடுவது வாசிப்புதான், அதனால் வாசிப்பை ஒழுங்காகச் செய்ய வேண்டியிருக்கிறது.

2024-25 ஆஸ்திரேலியத் தொடரில் மூன்று டெஸ்டுக்கு மூன்று ஸ்பின்னர்கள். பெர்த்தில் வாஷிங்டன், அடிலெய்டில் அஸ்வின், பிரிஸ்பேனில் ஜடேஜா. பிரிஸ்பேன் டெஸ்ட் முடிந்த டிசம்பர் 18 அன்று, தொடர் முடிவதற்குள்ளேயே, அஸ்வின் ஓய்வு அறிவித்தார். அத்தோடு இந்தப் புகாரும் ஓய்வு பெறும் என்று நினைத்தவர்கள் இருந்தார்கள். 2025 இங்கிலாந்து டூரில் குல்தீப் யாதவ் ஐந்து டெஸ்டிலும் வெளியே உட்கார்ந்தார். காரணம் அதே பேட்டிங் ஆழம், அதே சமநிலை. ஓல்டு டிராஃபோர்டில் நான்காவது டெஸ்ட். இங்கிலாந்து 669 ரன் எடுத்தது. குல்தீப் கட்சி ஒவ்வொரு நூறுக்கும் அவர் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தது. கடைசி நாளில் அதே ஆட்டத்தை டிரா செய்து காப்பாற்றியவர்கள் ஜடேஜா 107, வாஷிங்டன் 101, இருவரும் ஆட்டமிழக்கவில்லை. குல்தீப்பைத் தள்ளிவிட்டு எடுக்கப்பட்ட அதே இரண்டு பெயர்கள். ஒரே டெஸ்டில் இரு கட்சிக்கும் முழு ஆதாரம். நான்கு நாள் கழித்து ஓவலில் டாஸ், மலேசிய நேரம் மாலை ஐந்தரை. பதினோரு பெயர்கள் வந்தன. குல்தீப் இல்லை. "ஏன்?" என்று முதல் பந்துக்கு முன்பே கேட்டவர்கள், ஐந்தாம் நாள் இந்தியா 6 ரன்னில் ஜெயித்த பிறகும் அதையே கேட்டுக்கொண்டிருந்தார்கள்.